பின்பனியிலிருந்து இளவேனில் வரை: உங்கள் தெருவையே படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

வசந்தகாலப் படம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானின் செர்ரிப் பூக்கள், இல்லையென்றால் காஷ்மீரின் துலிப் தோட்டம். அங்கெல்லாம் பனி உருகும், மொட்டு விடும், பச்சை வரும், எல்லாம் வரிசையாக நடக்கும். நம் ஊரில் அந்த வரிசை கிடையாது. இங்கே மாசி, பங்குனியில்தான் பல மரங்கள் இலையைக் கொட்டுகின்றன, கொட்டிய கையோடு அதே கிளையில் துளிரும் வந்துவிடுகிறது. இலையுதிர் காலமும் வசந்தமும் ஒரே மரத்தில், சில சமயம் ஒரே வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். இது தெரியாமல் பல வருடம் "நம்ம ஊர்ல ஏது சீசன், எப்பவும் வெயில்தானே" என்று சொல்லிக்கொண்டு, படம் எடுக்க ஊட்டிக்கும் மூணாறுக்கும்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது கும்பகோணத்தில். வீட்டிலிருந்து அரசலாற்றுப் படித்துறைக்கு நடந்தால் பத்து நிமிடம். இப்போதெல்லாம் தை பிறந்ததிலிருந்து சித்திரை பிறக்கும்வரை அந்தப் பத்து நிமிட வழியை மட்டும்தான் எடுக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை முதலிலிருந்து எழுதுகிறேன். போனில் எடுப்பவர்களுக்கும் கேமராவில் எடுப்பவர்களுக்கும் பொதுவாகத்தான் எழுதியிருக்கிறேன், வேறுபடும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன். டெல்டாவில் இல்லாதவர்கள் ஒரு வாரம் பத்து நாள் முன்பின்னாக வைத்துக்கொண்டால் போதும்.

படி 1: பருவத்தையும் சூரியனையும் தெரிந்துகொள்ளுங்கள்

மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். இரவின் முன்பகுதியில் இறங்கும் பனி முன்பனி, பின்பகுதியில் இறங்குவது பின்பனி என்று ஒரு விளக்கம் உண்டு. படம் எடுக்கிறவருக்கு இது நேரடியாகப் பயன்படும். பின்பனி நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் ஒன்றுமே தெரியாது, விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவர் நனைந்திருக்கும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. அதனால் தை முடிந்ததும் பனியும் முடிந்துவிட்டது என்று அலாரத்தை மாற்றிவிடாதீர்கள்.

அடுத்தது சூரியன். ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய 6:36. மார்ச் நடுவில் 6:20, ஏப்ரல் நடுவில் 6:03. மூன்று மாதத்தில் அரை மணி நேரம் முன்னால் வந்துவிடுகிறது, அதோடு உதிக்கும் இடமும் நகர்கிறது. தைப் பிறப்பில் நேர் கிழக்கிலிருந்து சுமார் 20 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஏப்ரல் நடுவில் 10 டிகிரி வடக்கே போயிருக்கும். நடுவில் மார்ச் 20, 21 வாக்கில் நேர் கிழக்கு.

இந்த நேர் கிழக்கு வாரத்தைக் கட்டாயம் குறித்து வையுங்கள். பெரும்பாலான சிவன் கோயில்கள் கிழக்கு பார்த்தவை, அதனால் சன்னதித் தெரு கிழக்கு மேற்காக நீளும். மற்ற நாட்களில் ஒரு பக்க வீடுகள் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும், இந்த ஒரு வாரத்தில் மட்டும் காலை வெயில் தெருவின் நடுக்கோட்டிலேயே ஓடிவரும். வாசல் தெளித்த ஈரம், சைக்கிளின் நிழல், கோலத்தின் புடைப்பு எல்லாமே நீளமாகத் தெரியும். மேற்கு முனையில் நின்று கிழக்கே பார்த்து எடுங்கள், எதிர்வெளிச்சத்தில் நடந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒளி விளிம்போடு வருவார்கள்.

படி 2: ஒரு வழி, மூன்று மரம், ஒரு கல்

பதினைந்து நிமிடத்துக்குள் நடந்து முடிகிற ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். அழகான வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை, தினமும் போக முடிகிற வழியாக இருக்க வேண்டும். பால் வாங்கப் போகும் வழி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வழி, எதுவானாலும் சரி.

அந்த வழியில் வெவ்வேறு வாரங்களில் மாறுகிற மூன்று மரங்களைப் பார்த்து வையுங்கள். நான் கவனித்தவரை வரிசை இப்படி. தையில் மாமரம் பூத்துவிடும். அதே சமயத்தில் நாட்டு வாதுமை, அதாவது பாதாம் மரம் என்று நாம் சொல்லும் அகல இலை மரம், உதிர்வதற்கு முன் இலையைச் சிவப்பாக்கும். சிவந்த இலை பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை, பாதி அரசு அலுவலகங்களின் வாசலில் இந்த மரம்தான் நிற்கிறது. மாசியில் கல்யாண முருங்கையும் முள் இலவும் இலையில்லாத கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்கும், காக்கை மைனா எல்லாம் தேனுக்கு வந்து மொய்க்கும். மாசிக் கடைசியிலிருந்து அரசும் வேம்பும் இலையைக் கொட்டித் துளிர்க்கும். பங்குனியில் புங்கமரம். கடைசியாகச் சித்திரையை ஒட்டிக் கொன்றை.

ஒரு முன்மரம், ஒரு நடுமரம், ஒரு பின்மரம் என்று எடுத்துக்கொண்டால் மூன்று மாதமும் வேலை இருக்கும். என்னுடையவை ஒரு வாதுமை, படித்துறை அரசமரம், தெருமுனைப் புங்கம்.

அப்புறம் அந்தக் கல். மூன்றில் ஒரு மரத்தை மட்டும் வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எடுங்கள். நிற்கிற இடத்தை மாறாத ஏதாவது ஒன்றை வைத்து நினைவில் கொள்ளுங்கள். எனக்குப் படித்துறையின் மேல்படியில் மூலை உடைந்த ஒரு கருங்கல், அதன்மேல் இரண்டு காலையும் வைத்து நிற்பேன். போனாக இருந்தால் ஜூம் செய்யாமல் 1 எக்ஸில், கேமராவாக இருந்தால் ஒரே லென்ஸில், கிடைமட்டமாக. முதல் படத்தை போனில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் அதோடு ஒப்பிட்டு ஓரங்களைச் சரிசெய்தால் போதும். என் ஃபிரேமின் மேல்பகுதியில் ஒரு மின்கம்பி குறுக்கே போகிறது. நான்கு அடி தள்ளி நின்றால் கம்பி வராது, ஆனால் மரத்தின் அடிப்பகுதி மறைந்துவிடும். இரண்டு வாரம் யோசித்துவிட்டு கம்பியோடே எடுப்பதென்று முடிவு செய்தேன்.

படி 3: கையில் இருப்பதைத் தயார் செய்யுங்கள்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். போன் லென்ஸைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள், பனிக்காலத்தில் பாதிப் படங்கள் மங்குவது கைரேகையால்தான். கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமன் அமைப்பை, ஆட்டோவில் விடாமல் சூரியப் படம் போட்ட டேலைட்டில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் பனியின் நீலத்தையும் காலை வெயிலின் மஞ்சளையும் கேமராவே "சரி" செய்து இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும், நாம் எடுக்கப் போனதோ அந்த வித்தியாசத்தைத்தான். ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில், எடுக்கிறவர்கள் இதைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பங்குனியில் இது இன்னும் அதிகம். இருபது நிமிடம் முன்பே பையோடு வெளித் திண்ணையில் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

படி 4: தை. பனியை வெள்ளையாகவே எடுப்பது

வடகிழக்கு மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த இரவுக்கு அடுத்த காலையில் மூடுபனி கிடைக்கும். முந்தைய சாயங்காலமே வானத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம்: மேகமூட்டமாக இருந்தால் அடுத்த நாள் பனி குறைவாக இருக்கும். விடிவதற்கு இருபது நிமிடம் முன்பிருந்து எட்டு மணிவரைதான் நேரம்.

கேமராவின் வெளிச்ச அளவீடு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பனியையும் அப்படித்தான் அழுக்குச் சாம்பலாக்கும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். போனில் பனிப் பகுதியைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். பனி மட்டும் இருந்தால் படம் வெறும் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கும், ஆகவே பக்கத்தில் கருமையாக ஏதாவது ஒன்று வேண்டும். தென்னைமரம், கரண்ட் கம்பம், மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற ஒருவர், இப்படி. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மூன்று அடுக்காக மங்கிக்கொண்டே போனால்தான் பனியின் ஆழம் தெரியும்.

ஊருக்கு வெளியே போக முடிந்தால் சம்பா அறுவடை வயலுக்குப் போங்கள். டெல்டாவில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவது பெரும்பாலும் கிடையாது, மண்ணில் மிஞ்சிய ஈரமும் இந்தப் பனியும்தான் அதன் தண்ணீர். முட்டிபோட்டு உட்கார்ந்து அந்தச் செடியின் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். மூன்று மூன்றாக இருக்கும் இலை, மேலே பூஞ்சை மாதிரி மெல்லிய மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஊசிமுனை அளவு நீர். பின்னால் அறுத்த தாள் வரிசை மஞ்சளாகக் கலங்கித் தெரியும். ஒரு படத்திலேயே முடிந்த பயிரும் தொடங்கும் பயிரும். இந்த மூன்று மாதத்தில் எனக்குப் பிடித்த படங்களை எண்ணினால் பாதி இந்த வயலில் எடுத்தவையாகத்தான் இருக்கும்.

பனித்துளி கோத்த சிலந்தி வலைக்கு ஒரு தனி வழி. வலைக்குப் பின்னால் சூரியன் இருக்க வேண்டும், ஆனால் ஃபிரேமுக்குள் வரக்கூடாது. பின்னணி நிழலான அடிமரமாகவோ புதராகவோ இருட்டாக இருக்கட்டும். எக்ஸ்போஷரை இப்போது -1 இறக்குங்கள், பனிக்குச் செய்ததற்கு நேர் எதிர். போன் எப்போதும் வலையைத் தாண்டிப் பின்னால் ஃபோகஸ் செய்துவிடும். அதற்கு, வலை இருக்கும் தூரத்தில் உங்கள் விரலை நீட்டுங்கள், திரையில் விரலைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது நூலில் பாதியைப் பின்னணி என்று நினைத்துக் கலக்கிவிடும்.

படி 5: மாசி. உதிர்வதை எடுப்பது

மேட்டூர் அணையின் பாசனத் தண்ணீருக்கு வழக்கமான கணக்கு ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். நீர் இருப்பைப் பொறுத்து வருடத்துக்கு வருடம் மாறும். மூடிய பிறகு இங்கே ஆற்றில் தண்ணீர் நாளுக்கு நாள் வடியும். முதலில் படித்துறையின் கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும், ஒவ்வொரு படியிலும் வேறு வேறு பச்சையில் பாசி. பிறகு நடுவில் மணல் திட்டு, திட்டில் கொக்கின் காலடித் தடம். கடைசியில் குட்டை. இந்தக் குட்டைகள்தான் மாசியின் பரிசு. ஓடுகிற தண்ணீரில் தெரியாத எதிர்க்கரை இப்போது அசையாமல் தெரியும். குட்டையின் விளிம்புக்கு ஒரு சாண் உயரத்தில் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தண்ணீருக்குப் பக்கத்தில் வரும், கையளவு தண்ணீர் ஏரி மாதிரி விரியும்.

இலை உதிர்வதை எப்படி எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். கீழே விழுந்து கிடக்கும் சருகை மட்டும் எடுத்தால் குப்பைப் படம் போலத்தான் வரும். காற்று வீசும் நேரம் பார்த்துப் போங்கள், மாசியில் பெரும்பாலும் காலை ஒன்பதுக்கு மேல் காற்று எழும்பும். நிழலான சுவரோ கதவோ பின்னணியாக இருக்கும் இடத்தில் நின்று, ஷட்டரை 1/500 வினாடியிலோ அதைவிட வேகமாகவோ வைத்து, பர்ஸ்டில், அதாவது விடாமல் தொடர்ச்சியாக, எடுங்கள். இருபதில் ஒன்று தேறும். இதற்கு நேர்மாறாக 1/15 வைத்து, கேமராவைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, இலை ஒரு கோடாக இழுபடும்படியும் எடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், விழுவது என்கிற செயல் அதில் தெரிகிறது.

வாதுமையின் சிவப்பு இலை கிடைத்தால் ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பை ஒட்டி இன்னும் பச்சை மிச்சம் இருக்கும், அங்கிருந்து மஞ்சள், விளிம்புக்குப் போகப் போக ரத்தச் சிவப்பு. இலையை வெட்டவெளி வானத்துக்கு எதிரே எடுத்தால் கறுத்துவிடும், நிழலில் இருக்கும் ஏதாவதொன்றுக்கு எதிரே பிடித்து இலையின்மேல் தொட்டு எடுங்கள்.

சிவப்புப் பூக்களுக்கு ஒரு எச்சரிக்கை. முள் இலவும் கல்யாண முருங்கையும் வெயிலில் அப்படியே எடுத்தால் இதழின் மடிப்பெல்லாம் போய் ஒரே சிவப்புத் திட்டாக வரும். சென்சாரில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிவதால் வருவது இது, படத்தைப் பார்த்தால் வெளிச்சம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். -0.7 முதல் -1 வரை இறக்கி எடுங்கள், முடிந்தால் வெயில் ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள்.

படி 6: பங்குனி. பத்து நாள் பச்சை

இதைத்தான் தவறவிடக்கூடாது. துளிர் என்பது அதிகபட்சம் பத்துப் பன்னிரண்டு நாள் விஷயம். அரசந்துளிர் செம்பு நிறத்தில், மெழுகு பூசியது போல வரும், நான்கைந்து நாளில் வெளிர்பச்சை, அதன்பிறகு நாம் தினமும் பார்க்கும் அரச இலை. வேப்பங்கொழுந்தும் சிவப்பாகத்தான் பிறக்கிறது. புங்கமரம் ஒரு வாரம் மொட்டையாக நிற்கும், அடுத்த வாரம் பார்த்தால் தெருவே வெளிச்சமாகிவிட்ட மாதிரி மஞ்சள் கலந்த பச்சை. ஒரு வருடம் உறவினர் கல்யாணத்துக்காக ஒன்பது நாள் வெளியூர் போய்விட்டேன், கிளம்பும்போது மொட்டையாக நின்ற மரம் திரும்பி வரும்போது முழு நிழலோடு நின்றது. அந்த வருடம் புங்கம் துளிர்த்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. இப்போதெல்லாம் மொட்டையாகப் பார்த்த நாளிலிருந்து தினமும் ஒருமுறை அந்தப் பக்கம் போகிறேன்.

துளிரை முன்வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். இளம் இலை மெல்லியது, வெயில் அதன் ஊடே புகுந்து வரும். மரத்தடிக்குப் போய், சூரியனை ஒரு கிளையால் மறைத்துக்கொண்டு மேலே பாருங்கள். அரச இலையின் வால்நுனிவரை நரம்பு ஓடுவது அப்போதுதான் தெரியும். வெளிச்சத்தை இலையின்மேல் அளவெடுங்கள். பின்னால் வானம் வெளுத்துப்போனால் போகட்டும், அதை மீட்கப்போய் இலையைக் கறுப்பாக்கிவிட வேண்டாம். ஒரு கிளையை மட்டும் நெருங்கி எடுக்க 2 எக்ஸ் லென்ஸ் நல்லது. அரச இலை காற்றே இல்லாதபோதும் ஆடும், காம்பு நீளம். 1/500க்குக் குறையக்கூடாது.

பழைய இலை ஒன்றோ இரண்டோ இன்னும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளையைத் தேடுங்கள். பழுத்த மஞ்சள் இலைக்குப் பக்கத்திலேயே செம்புத் துளிர். நான் முதல் பத்தியில் சொன்ன "ஒரே மரத்தில் இரண்டு பருவம்" என்பதை ஒரே படத்தில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல்நாள் பார்த்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இலை இருக்காது.

இதே சமயத்தில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். இலவு காத்த கிளியின் கதை நமக்கெல்லாம் தெரியும், ஆனால் அந்தப் பஞ்சு காலை வெயிலில் தெருமேல் மிதந்து போவதை நின்று பார்த்தவர்கள் குறைவு. எதிர்வெளிச்சம், இருட்டுப் பின்னணி, 1/1000. குயிலும் இந்த வாரங்களில்தான் விடாமல் கூவத் தொடங்கும். கேட்கும், கண்ணில் படாது. அதைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 7: மனிதர்கள்

பருவம் மாறுவதை மரம் காட்டுவதைவிடத் தெளிவாகத் தெரு காட்டும். தையில் குல்லாவும் மஃப்ளரும். மாசியில் மாவடு கூடைக்கு வரும், புளி உலுக்கித் திண்ணையில் கொட்டி ஓடு உடைப்பார்கள். குளிரில் அரிதாகி விலை ஏறியிருந்த மல்லிகை பங்குனியில் கூடை நிறைய வரும், பூக்காரம்மாவின் கை வேகம் கூடும். தர்பூசணி வண்டி, வெள்ளரிப்பிஞ்சு, புது மண்பானை, சித்திரையை ஒட்டி நுங்கு. வாரத்துக்கு ஒன்று எடுத்தாலே வரிசை கிடைத்துவிடும்.

நான் அதிகம் எடுத்தது கூழ் வற்றல். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் காலை ஆறரைக்கே நனைத்த வேட்டியை விரித்துப் பிழிய ஆரம்பித்துவிடுவார் ஒரு பெரியம்மா.

"பெரியம்மா, வத்தல் பிழியறதைப் படம் எடுத்துக்கட்டுமா?"

"என்னை எடுக்காதப்பா, தலைகூட வாரலை. வத்தலை வேணா எடுத்துக்க."

சரி என்று முகத்தை விட்டுவிட்டு நாழியைப் பிடித்த கையை மட்டும் எடுத்தேன், அவரிடம் திரையைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த படம். கேட்டுவிட்டு எடுப்பதில் ஒரு நன்மை, அவசரம் இருக்காது. அன்று முழுதும் மூன்று முறை மாடிக்குப் போனேன். காலை ஏழு மணிக்கு வற்றல் கண்ணாடி போல ஈரமாக, ஒவ்வொரு சுழிக்குப் பின்னாலும் அதன் நிழல் நீளமாக விழுந்திருந்தது. பதினொரு மணிக்கு நிழல் போய் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. சாயங்காலம் நான்கரைக்கு எல்லாம் சுண்ணாம்பு வெள்ளையாகி, ஓரம் தூக்கிக்கொண்டு, காக்காய்க்காக வைத்த கறுப்புக் குடையின் நிழல் அவற்றின்மேல் குறுக்கே கிடந்தது. ஒரே வேட்டி, மூன்று படம். வெள்ளைத் துணிமேல் வெள்ளைப் பொருள் என்பதால் இங்கும் +0.7, இல்லையென்றால் வேட்டி பழசாகத் தெரியும்.

எடுத்தவர்களுக்குப் பிரிண்ட் கொடுங்கள். 4க்கு 6 அளவில் ஒன்று போட அதிகம் செலவாகாது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது பிரிண்ட் கொடுப்பதற்கு ஈடாகாது.

படி 8: உச்சி வெயிலை என்ன செய்வது

தையில் உச்சிப்பொழுதிலும் சூரியன் சுமார் 58 டிகிரியில்தான் நிற்கும், ஆறடி ஆளுக்கு மூன்றரை அடிக்கு மேல் நிழல் விழும். மதியம்கூடச் சுவர்ப் பூச்சும் திண்ணைத் தூணும் எடுக்கலாம். ஏப்ரல் 18 வாக்கில் இந்தப் பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், சென்னையில் ஒரு வாரம் கழித்து. நட்டு வைத்த குச்சிக்கு அப்போது நிழலே இருக்காது. அதனால் பங்குனி பாதியிலிருந்து வெளியே எடுப்பதைக் காலை எட்டுக்குள் முடித்துவிட்டு, மதியம் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். முற்றத்தில் விழும் வெயில் தரையில் பட்டுக் கூடம் முழுக்க மென்மையாகப் பரவும், பித்தளைக் குடம், அரிந்து வைத்த மாங்காய், தூங்குகிற தாத்தா எல்லாவற்றுக்கும் அந்த வெளிச்சம் போதும். முற்றம் இல்லாத வீட்டில் வடக்கு ஜன்னல்.

படி 9: தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும்

அன்றன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே அழிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கு ஐந்து என்று ஒதுக்குங்கள். திருத்த ஸ்னாப்சீட் போதும். துளிர்ப் படத்தில் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, தொடாதீர்கள். இளம்பச்சையில் மஞ்சள்தான் அதிகம், அதைக் கூட்டினால் பிளாஸ்டிக் இலையாகிவிடும். ஒருமுறை ஒரு லேபில் கொடுத்த புங்கம் படத்தை அவர்களே நிறம் ஏற்றிப் பிரிண்ட் போட்டுவிட்டார்கள், துளிர் முற்றிய இலையாகிவிட்டது. அதிலிருந்து "கலர் கரெக்‌ஷன் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபைல் பெயரில் தேதியையும் மரத்தின் பெயரையும் சேர்த்து வையுங்கள், அடுத்த வருடம் எந்த வாரம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அதுதான் உங்கள் பஞ்சாங்கம்.

கடைசியாக, அந்த ஒரே கல்லில் நின்று எடுத்த வாரப் படங்களை வரிசையாகத் தரையில் பரப்புங்கள். தை பிறப்பிலிருந்து சித்திரை பிறப்புக்குள் பதின்மூன்று வரும். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதில் இது கிடைக்காது, பிரிண்டாகத்தான் பார்க்க வேண்டும். போன வருடம் அப்படிப் பரப்பிவிட்டு அரசமரம் மொட்டையானதையும் துளிர்த்ததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மேலே அந்த மின்கம்பி கண்ணில் பட்டது. முதல் படத்திலிருந்தே அதில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நம் ஊருக்குப் பனிக்காலத்துக்கு மட்டும் வந்து போகிற பறவை. ஐந்தாவது படத்தில் முப்பதுக்கு மேல், எட்டாவதில் பத்துப் பதினைந்து, பத்தாவதில் இரண்டு. பதினோராவது படத்தில், மார்ச் கடைசி வாரம், கம்பிக்குக் கீழே மரம் முழுக்கச் செம்புத் துளிர், கம்பி காலி.